விடச் சொன்னால் விடுமா?

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கமோ தோல் கம்பெனி நடத்துகிறவர்களிடம் காவல் நாய் பற்றிப் பேச்செடுத்தால் ஏறக்குறைய ஒரே யோசனைதான் கிடைக்கும். "ஒரு ராட்வீலர் குட்டி வாங்குங்க. பகல்ல கட்டியே போடுங்க, அப்பத்தான் கோபம் ஏறும். ஆறு மாசம் ஆனதும் ட்ரெய்னர்கிட்ட விட்டா ரெண்டே மாசத்துல கார்டு ஆக்கிக் கொடுத்துருவாரு. அப்புறம் ஒரு பய கேட் ஏற மாட்டான்." மூச்சுவிடாமல் சொல்லப்படும் இந்த யோசனையில் கடைசி வாக்கியத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்கும் காரணம் நாயின் குரைப்புதான். அதைக் கற்றுக்கொள்ள எந்த நாயும் பயிற்சியாளரிடம் போவதில்லை.

முதலில், கம்பெனிக்குக் கடிக்கிற நாய் வேண்டும் என்ற பேச்சு. ஒரு தோல் கம்பெனியின் கேட் வழியாக ஒரு நாளில் யார் யாரெல்லாம் உள்ளே வருகிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா? உப்புத்தோல் ஏற்றிவரும் லாரிக்காரர், கெமிக்கல் கேன் இறக்குகிறவர், கழிவுநீர் டேங்கர், கான்ட்ராக்ட் ஆட்கள், ராத்திரி ஷிஃப்டில் டிரம் ஓட்டுகிறவர். ஷூ கம்பெனியாக இருந்தால் காலையில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் பெண்கள். அவ்வப்போது வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர். கேபிளும் மோட்டாரும் எடுக்க வருகிற திருடன் எப்போதோ ஒரு ராத்திரி வருவான். மற்றவர்களில் பெரும்பாலோர் தினமும் வருகிறார்கள். புதிய முகத்தைக் கண்டாலே பாய வேண்டும் என்று பழக்கப்பட்ட நாய் முதலில் யாரைக் கடிக்கும் என்பதைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை.

ஆள் வந்தால் குரைத்துச் சொல்வது ஒரு வேலை. சொன்னால் பிடித்து, சொன்னால் விடுவது வேறு வேலை. முன்னதற்குத் தெம்பான நாயும், அடிப்படைக் கீழ்ப்படிதலும், குரைப்பைக் கேட்டு எழுந்துவரும் வாட்ச்மேனும் போதும். பின்னதற்குப் பதறாத சுபாவமுள்ள நாய், நீண்ட பயிற்சி, கூடவே இருக்கும் ஒரே ஆள், வாழ்நாள் முழுக்க மறுபயிற்சி எல்லாம் வேண்டும். இங்கே பலருக்குக் கிடைப்பது இரண்டுமே இல்லை. பின்னதற்கான விலையைக் கொடுத்து, பயந்து சீறும் ஒரு நாயை வாங்கிக்கொள்கிறார்கள்.

பாதுகாப்பு வேலைக்கு நாயைத் தயாரிப்பதில் நெடுங்கால அனுபவமுள்ளவர்கள் எதைத் தேர்ச்சி என்கிறார்கள் என்று பார்ப்போம். ஜெர்மனியில் பிறந்து ஷுட்ஸ்ஹுண்ட் என்ற பெயரில் பரவிய தேர்வு இப்போது ஐஜிபி எனப்படுகிறது. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், தேற 70 வேண்டும். ஆனால் அந்த வாசலுக்குப் போகும் முன்னே பிஎச் என்ற இன்னொரு தேர்வைத் தாண்ட வேண்டும். சைக்கிள் மணி, ஓடுகிற ஆள், கூட்டம், வேறு நாய் எல்லாவற்றுக்கும் நடுவே நாய் அலட்டிக்கொள்ளாமல் நடக்கிறதா என்பதுதான் அங்கே சோதனை. ஐஜிபி முதல் நிலைக்கே நாய்க்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். பாதுகாப்புப் பகுதியில் எதிரே நிற்பவர் கையில் மாட்டியிருக்கும் தடித்த ஸ்லீவை எவ்வளவு அழகாகக் கவ்வினாலும், திரும்பத் திரும்பச் சொல்லியும் விடாத நாய் தகுதி இழந்து வெளியேற வேண்டியதுதான். நம் ஊரில் பல்லெல்லாம் அப்போதுதான் விழுந்து முளைத்திருக்கும் ஆறு மாதக் குட்டியிடம் சாக்கைச் சுற்றிக்கொண்டு போய்க் கையை நீட்டுகிறார்கள். அதை வீடியோ எடுத்து விளம்பரமும் செய்கிறார்கள்.

அடுத்தது சங்கிலி. கட்டிப்போட்டால் கோபம் ஏறும் என்பது ஒரு வகையில் சரி. அந்தக் கோபம் யார்மேல் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் டென்வர் நகரில் வீட்டாரல்லாதவரைக் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1994-இல் வெளிவந்தது. முற்றத்தில் சங்கிலியில் கட்டப்படும் நாய் கடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அதில் தெரிந்தது. முரட்டு நாயாக இருந்ததால்தான் கட்டிப்போட்டார்களோ என்று குறுக்குக் கேள்வி கேட்கலாம், நியாயமான கேள்விதான். "கடிக்கும் வாய்ப்பு கூடுதுன்னா அதானே வேணும்" என்று நம் முதலாளியும் சொல்வார். அந்த ஆய்வில் கடிபட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 12 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான குழந்தைகள். ஒருவரும் கேட் ஏறிக் குதிக்கிற வயது இல்லை.

சங்கிலியைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவில், குட்டையான அல்லது கனத்த சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை உலவவிடாமல் இருப்பதையும் வதை என்றே சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்குக்கூடக் காணாத அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்!

"அடியாத மாடு படியாது" என்பார் இன்னொருவர். மிளகாய்த்தூள், இருட்டறை, பட்டினி என்று அவரிடம் இன்னும் சில வைத்தியங்கள் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நடத்தைக் கோளாறு என்று சிகிச்சைக்கு வந்த நாய்களின் உரிமையாளர்கள் வீட்டில் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களின் நாய்களில் 43 விழுக்காடு திருப்பிச் சீறின. அடித்து வளர்த்த நாய் அடிக்கிறவனுக்கு அடங்கும். அவன் லீவில் போன நாளில் சோறு வைக்க வருகிற பையனின் கதி என்ன?

போலீஸில் இருந்து ரிட்டையரானவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் கவனமாகத்தான் மறுக்க வேண்டும். அவர்களில் அருமையான ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் காவல்துறை நாய்களில் பெரும்பாலானவை வெடிகுண்டையோ போதைப்பொருளையோ மோப்பம் பிடிக்கவும், குற்றவாளி போன தடம் பிடிக்கவும் பழக்கப்பட்டவை. கஞ்சா கண்டுபிடிக்கும் நாயோடு இருபது ஆண்டு நடந்தவருக்கு உங்கள் கம்பெனியின் காவல் நாயைப் பழக்கத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எந்தப் பிரிவில் இருந்தீர்கள், நாயோடு நடந்தீர்களா அல்லது நாயையும் ஆளையும் பழக்கினீர்களா என்று கேளுங்கள். இரண்டும் வேறு என்று தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சீருடைப் படைகளிடமிருந்து கற்க வேண்டிய முக்கியமான விஷயத்தை நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். குவாலியர் அருகே டெகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை 1970 முதல் தேசிய நாய்ப் பயிற்சி மையம் நடத்துகிறது. அங்கே நாய் மட்டும் தனியாகப் போய்ப் படித்துவிட்டு வருவதில்லை. நாயோடு பணிபுரியப் போகும் காவலரும் மாதக்கணக்கில் கூடவே பயிற்சி எடுக்கிறார். நாம் நாயை மட்டும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஏற்றி அனுப்பிவிட்டு இரண்டு மாதம் கழித்து வாங்கிக்கொள்கிறோம். இது வண்டி ஓட்டப் பழக காரை மட்டும் டிரைவிங் ஸ்கூலில் விட்டுவிட்டு வருகிற கதை. நாய் அங்கே நன்றாகத்தான் நடந்துகொள்ளும், அந்தப் பயிற்சியாளரிடம். இங்கே வந்ததும் ஏஜென்சி அனுப்பும் வாட்ச்மேன் மாதத்துக்கு ஒருவர் மாறுவார். யார் சொல்வதை அது கேட்கும்?

வெளிநாட்டு இனம்தான் சரி என்பதும் பாதிக் கதை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூருக்கு வாடிக்கை. இரட்டை ரோம அடுக்குள்ள ஜெர்மன் ஷெப்பர்டைத் தகரக் கொட்டகையில் கட்டுவது அதற்குச் செய்கிற கொடுமை. நம் நாய்கள் படிக்காது என்பவர்களுக்கு ஒரு செய்தி: 2024-இல் அகில இந்திய காவல் பணித்திறன் போட்டியில் தடம் பிடிக்கும் பிரிவில் முதலிடம் வாங்கியது எல்லைப் பாதுகாப்புப் படையின் 'ரியா' என்ற முதோல் நாய், கர்நாடக நாட்டு இனம். அதற்காக நாட்டு நாய் ஆர்வலர்கள் சொல்வதையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பிறந்தவை. ராஜபாளையத்துக்கு 2005-இல் தபால்தலை வந்தது பெருமைதான். ஆனால் தூய வெள்ளை நிறத்தோடு ஒட்டிவரும் காதுகேளாமை அந்த இனத்தில் உண்டு. குட்டியின் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இனத்தைவிடக் குட்டி வளர்ந்த விதம் முக்கியம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை மனிதரையும் சத்தத்தையும் பார்த்துப் பழகாத குட்டியை எந்தப் பயிற்சியாளராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. விற்கிறவருக்காவது விதி இருக்கிறது. பயிற்சியாளருக்கென்று தனியாக அரசு உரிமம் எதுவும் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் எவ்வளவு பளபளத்தாலும் சரி.

இது முஸ்லிம் முதலாளிகள் நிறைந்த வட்டாரம், நாயைத் தொடமாட்டார்கள், அதனால் முறையான பயிற்சியெல்லாம் இங்கே எடுபடாது என்றும் ஒரு பேச்சு உண்டு. தெரியாமல் சொல்வது. கால்நடைக் காவலுக்கும் பயிர்க் காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள ஹதீஸ்களில் விலக்கு இருக்கிறது. பழக்கப்படுத்திய வேட்டை விலங்கு பிடித்ததை உண்ணலாம் என்று குர்ஆனின் 5-ஆவது அத்தியாயமே பயிற்சியைப் பேசுகிறது. நாயின் எச்சில் பற்றி மத்ஹபுகள் எனப்படும் சட்டப் பிரிவுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டுதான். நல்ல பயிற்சியாளர் அதைக் கேட்டு, தொழுகை இடத்துக்கு நாய் போகாதபடி எல்லை பழக்கி, நாயைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமான ஒரு ஆளைக் கேட்பார். அந்த ஒரு ஆள் எப்படியும் தேவை என்பதால், இந்த வட்டாரத்து வழக்கம் இங்கே உதவியாகவே அமைகிறது.

கடித்தால் சட்டம் நம் பக்கம், உள்ளே வந்தவன் திருடன்தானே என்பவர்கள் 2024 மே மாதத்துச் சென்னைச் செய்தியை நினைத்துப் பார்க்கட்டும். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் குதறின, உரிமையாளர் கைதானார். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம் 289-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு: தன் விலங்கால் மனித உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தவறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். "நாய்கள் ஜாக்கிரதை" பலகை மாட்டியிருந்தேன் என்பது இதற்கு முழுப் பதிலாகாது. அந்த நாய் ஆபத்தானது என்று உங்களுக்கே தெரியும் என்பதற்கு அதுவே சாட்சியாகவும் நிற்கலாம்.

அப்படியானால் எப்படிப்பட்டவரைத் தேடுவது? இந்த வட்டாரத்துக்கு மட்டும் பொருந்துகிற அளவுகோல் ஒன்று உண்டு. வந்தவர் நாயைப் பார்க்கும் முன் கம்பெனியைச் சுற்றிப் பார்க்கிறாரா? முடி நீக்கும் பகுதியில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீர் தேங்கியிருக்கும். அதில் நடந்தால் நாயின் பாதம் வெந்துபோகும், பிறகு நக்கினால் வாயும் குடலும். தோலிலிருந்து சுரண்டிய கொழுப்பும் சவ்வும் குவிந்த இடத்துக்குத் தெருநாய்க் கூட்டம் வரும். அவற்றோடு வெறிநோய், பார்வோ, உண்ணிக் காய்ச்சல் எல்லாம் வரும். கடிக்கப் பழக்க குரோம் தோல் துண்டைக் கொடுக்காதே என்று வேலையாட்களுக்குச் சொல்லவும் ஆள் வேண்டும். இதையெல்லாம் கேட்டு, எங்கே வேலி, எங்கே நிழல், எந்த நேரத்தில் நாய் வெளியே என்று குறித்துக்கொள்கிறவர் தொழில் தெரிந்தவர். தடுப்பூசிச் சீட்டைக் கேட்காமல் நாயைத் தொடுகிறவரும், முதல் நாளே ஸ்லீவை எடுத்து மாட்டுகிறவரும் போய்வரட்டும். இந்த நாய் இந்த வேலைக்கு ஆகாது, குரைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வருமானத்தை விடத் தயங்காதவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பெயர்களை அறிய, விற்பனையாளரைவிடக் கால்நடை மருத்துவரைக் கேட்பது நல்லது. பயிற்சிக்குப் போய்த் திரும்பிய நாய்களின் காயங்களையும் நடுக்கத்தையும் மேஜைமேல் பார்க்கிறவர் அவர். பயிற்சியாளரின் சொந்த நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் கூப்பிடச் சொல்லுங்கள். கவ்வியதை ஒரே சொல்லில் விடுகிறதா என்று பாருங்கள். கழுத்தை நெரித்தோ கம்பைக் காட்டியோதான் விடுகிறதென்றால், அந்தச் சொல்லை நாய் கற்கவில்லை.

பணத்தை மூன்று தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பயிற்சி உங்கள் இடத்தில் நடக்கட்டும், வாரம் ஒருமுறை அவர் வந்தாலும் போதும், மற்ற நாட்களில் உங்கள் ஆள் செய்யட்டும். கடைசித் தவணைக்கான நாளில் பயிற்சியாளர் கேட்டுக்கு வெளியே, நாயின் கண்ணுக்குப் படாத தூரத்தில் நிற்க வேண்டும். ராத்திரி வாட்ச்மேன் கட்டளை கொடுப்பார். ஷிஃப்ட் விட்டு ஆட்கள் கூட்டமாகப் போகும்போது நாய் படுத்த இடத்தில் படுத்திருக்க வேண்டும். கூப்பிட்டால் வர வேண்டும். வாயிலிருப்பதை விடச் சொன்னால் விட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தத் தவணையை நிறுத்திவைத்து, அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.