முடிவிலிருந்து வரும் பாட்டு



2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் நடந்த ஓர் இசைநிகழ்ச்சியின்போது, அரங்கின் கழிப்பறையில் ஒரு பென்டிரைவ் கண்டெடுக்கப்பட்டது. அதில் அதுவரை வெளிவராத ஒரு பாடல் இருந்தது. நைன் இஞ்ச் நெயில்ஸ் என்னும் அமெரிக்க இசைக்குழு, தன் ‘இயர் ஜீரோ’ இசைத்தொகுப்புக்காக வேண்டுமென்றே அதை அங்கே விட்டிருந்தது. அத்தொகுப்பைச் சுற்றி ஒரு கதையும் புனையப்பட்டிருந்தது. 2022-இல் அமெரிக்கா, மதத்தின் பெயரால் ஒடுக்கும் ஓர் அரசின்கீழ் அழிவை நெருங்குகிறது. அக்காலத்தவர் சிலர், இக்கதி நேராதபடி விழித்துக்கொள்ளுங்கள் என்று காலத்தைக் கடந்து பின்னோக்கி நமக்குச் செய்தி அனுப்புகிறார்கள்.

2022 வந்து போயிற்று. கதை கதையாகவே நின்றது. ஆயினும் அது எனக்குள் ஒரு கேள்வியை எழுப்பிற்று: வருங்காலத்தின் செய்தி என்று சபையாகிய நாம் எதை அறிவித்துக்கொண்டிருக்கிறோம்?

எச்சரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யோனாவின் எச்சரிப்பைக் கேட்டே நினிவே மனந்திரும்பிற்று. ஆனால் அச்சத்தை மட்டும் அறிவித்தால், குறித்த நாள் கடந்ததும் அச்சமும் கடந்துபோகும், மனந்திரும்புதல் நிலைக்காது.

ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் நானும் இத்தவற்றைச் செய்தேன். வெளிப்படுத்தின விசேஷத்தைப் பிரசங்கித்தபோதெல்லாம் மிருகத்தையும் கோபகலசங்களையும் பற்றியே பேசினேன். ஒருநாள் ஆராதனை முடிந்ததும் ஒரு சிறுவன் வந்து, “ஐயா, அந்தப் புத்தகத்தில் நல்லது ஒன்றுமே இல்லையா?” என்று கேட்டான். அவனுக்கு உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை.

நல்லது இருக்கிறது, அதுவும் முன்னதாகவே இருக்கிறது. கலசங்கள் ஊற்றப்படுவது பதினாறாம் அதிகாரத்தில். ஐந்தாம் அதிகாரத்திலேயே, எல்லா மொழியினரையும் இனத்தாரையும் மீட்டுக்கொண்ட ஆட்டுக்குட்டியானவருக்குப் புதிய பாட்டு பாடப்படுகிறது. பத்மு தீவில் உபத்திரவத்திலிருந்த யோவான் அதைக் கேட்டு, உபத்திரவத்திலிருந்த சபைகளுக்கு எழுதி அனுப்பினார். வெற்றியின் பாட்டு, போராட்டத்தின் நடுவிலிருந்தோர் கையில் முன்கூட்டியே கொடுக்கப்பட்டது.

பிலிப்பி சிறைச்சாலையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள். பூமி அதிர்ந்ததும் கதவுகள் திறந்ததும் அதன் பின்னரே (அப்போஸ்தலர் 16:25, 26).

ஆகவே போதகர்களுக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது: கடைசிக் காலத்தைக் குறித்துப் போதிக்கும்போது அந்தப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். அதை அறிந்த பிள்ளை, எச்சரிப்பையும் பயந்து ஓடாமல் நின்று கேட்கும்.

ஆண்டவரே, விடியுமுன்னே பாடுகிற விசுவாசத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.