வண்டி உட்கார்ந்தால் டயர் பிடிக்குமா?

"பின்னாடி அப்படியே உக்காரணும் அங்கிள், அப்பத்தான் டயர் பிடிக்கும்."

சொன்னது எதிர் ஃப்ளாட் தஞ்சாவூர்க்காரர் மகன். புனே வந்து பதினாறு வருஷமாக எங்களுக்குப் பொங்கல், தீபாவளி எல்லாம் அந்தக் குடும்பத்தோடுதான். பையன் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, ஓடுதளத்தில் முறைப்படி நடக்கும் கால் மைல் டிராக் ரேஸுக்குத் தயார் செய்கிறான். இன்ஜின் ட்யூனிங்குக்கு ஒன்றேகால் லட்சம். பின் சஸ்பென்ஷனுக்கு? கமான் பட்டையில் இரண்டை உருவியதோடு சரி! ஒரு கராஜ் மேஸ்திரியின் யோசனையாம்.

நான் பி.காம். பேங்கில் வண்டிக் கடன் ஃபைல் புரட்டுகிறவன். ஆனால் கணக்கு எனக்கும் வரும் சாமி.

வண்டி 2000 கிலோ, வீல்பேஸ் 3.1 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 0.7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ஜி முடுக்கத்தில் கிளம்பினால் முன் சக்கரத்திலிருந்து பின்னுக்குப் போகும் பாரம் 2000 × 0.5 × 0.7 ÷ 3.1. சுமார் 225 கிலோ. இதில் ஸ்பிரிங் எங்கே வருகிறது? வரவே இல்லை. உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் கிட்டத்தட்ட அதே பாரம்தான். உட்காருவது பார்க்கிறவன் கண்ணுக்கு விருந்து, அவ்வளவே.

பிக்கப்பின் வியாதி வேறு. சுமை ஏற்றச் செய்த பட்டை, காலி வண்டி. மிதித்ததும் சக்கரம் முன்னே உருள, ஆக்சில் ஹவுசிங் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு, ஷாஃப்ட் சேரும் மூக்கை மேலே தூக்குகிறது. பட்டை 'எஸ்' மாதிரி வளைகிறது. டயர் வழுக்கியதும் படாரென்று நிமிர்கிறது, மறுபடி வளைகிறது. சக்கரம் தவளை மாதிரி தத்துகிறது. இதற்குப் பெயர் வீல் ஹாப். இதில் பட்டையை உருவினால் முறுக்கு கூடுமா குறையுமா? நீங்களே சொல்லுங்கள்.

அமெரிக்காவில் கிரைஸ்லர்காரர்கள் 1960களிலேயே ரேஸுக்கென்று 'சூப்பர் ஸ்டாக்' பட்டை போட்டார்கள். முன்பாதி விறைப்பு, பின்பாதி இளக்கம். வலதும் இடதும் வேறு வேறு, ஏனென்றால் ஷாஃப்ட்டின் முறுக்கு வலது பின் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். அதுவும் வேண்டாம், டிராக்ஷன் பார் போடலாம். ஆக்சில் முறுக்கப் பார்த்தால் அது பட்டையின் முன்கண் பக்கம் முட்டித் தடுக்கும். ஆக்சில் மூக்கைச் சில டிகிரி கீழ்நோக்கி வைத்தால், மிதிக்கும்போது நேராகிவிடும். எல்லாம் வெல்டிங், போல்ட் வேலை. இன்ஜினுக்குக் கொட்டியதில் கால்வாசி ஆகுமா?

"அப்ப சிமெண்ட் மூட்டை ரெண்டு போட்டுக்கவா?" என்கிறான். (தங்கமணி சிரித்துவிட்டாள்.) அமெரிக்க என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி மணல் மூட்டை மாதிரி தளர்வான பாரமே கூடாது. எடை வேண்டுமானால் போல்ட் போட்டு இறுக்கு.

எனக்கேன் இத்தனை கோபம்? போன மாதம் ஒத்திகையில் பின் ஜாயிண்ட் உடைந்து ஷாஃப்ட் தொங்கியது. முன் ஜாயிண்ட் உடைந்து தரையில் குத்தியிருந்தால் வண்டியே எகிறியிருக்கும். ஷாஃப்டைத் தாங்க அடியில் ஒரு இரும்பு வளையம்கூட இல்லை. அவன் அம்மாவுக்கு இன்னும் இது தெரியாது. கடனுக்கு அப்பா ஜாமீன். நம்மூர் மோட்டார் பாலிசி பந்தயத்துக்குப் பைசா தராது. அது அப்பாவுக்கும் தெரியாது.

அடுத்த மாதம் போட்டி. உருவிய பட்டை இரண்டும் எங்கள் வீட்டு பால்கனியில்தான் கிடக்கின்றன. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கிறேன், மேஸ்திரியை நேரில் பார்க்க.