நோயாளியின் படுக்கையும் மாலபே வழக்கும்

சைட்டம் எனப்பட்ட மாலபே தனியார் மருத்துவக் கல்லூரியைப் பற்றி நம்மவர் வாதிட்டதெல்லாம் பணத்தைப் பற்றியே. காசுள்ளவன் பிள்ளைக்கு வைத்தியப் பட்டமோ என்றனர் ஒரு சாரார். பிறநாடு சென்று கற்பதை இங்கே கற்றால் என்ன என்றனர் மறுசாரார். இரண்டும் தள்ளத்தக்க வாதங்களல்ல. ஆயினும் வழக்கின் வேர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தது என்பேன்.

வைத்திய மாணவன் தொழில் பழகுவது நோயாளியின் அருகே நின்றுதான். கட்டணம் செலுத்திப் படுத்திருப்பவர், மாணவர் பதின்மர் சூழ்ந்து தம் வயிற்றை அமுக்கிப் பார்க்க எளிதில் இசைவாரா? அரசினர் ஆஸ்பத்திரியில் ஏழை இசைகிறான். அவனுக்கு வேறு போக்கில்லை. இலங்கை மருத்துவ சபை எழுப்பிய ஆட்சேபமும் இப்பயிற்சியின் போதாமை பற்றியதே. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம், மாலபேப் பட்டதாரிகளைத் தற்காலிகமாகப் பதியுமாறு பணித்தது. 2018இல் உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. தீர்ப்புக்குத் தலைவணங்குவோம். ஆனால் தீர்ப்பினாற் படுக்கைகள் பெருகுவதில்லையே!

முன்னர் ராகமையில் எழுந்த தனியார் கல்லூரியும் அவ்வூர் அரசினர் ஆஸ்பத்திரியையே நம்பி நின்றது. 1989இல் அது அரசுடைமையாகி, 1991இல் களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடமாயிற்று. மாலபே மாணவரோ 2018இல் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திற் சேர்க்கப்பட்டனர். இடையில் அப்பிள்ளைகள் இழந்த காலத்தை யார் மீட்டுக் கொடுப்பார்? பெற்றோர் செய்த தெரிவுக்காக அவர்களைப் பழித்ததும் முறையன்று.

இனியுமொரு கல்லூரி எழலாம். அடிக்கல் நாட்டுவோரிடம் கட்டணத்தை நான் பிறகு கேட்பேன். முதலில், எத்தனை படுக்கைகள்? அவற்றிற் கிடப்பவரின் சம்மதத்தைக் கேட்டவர் யார்?