கீரையால் தீராத மாலைக்கண்

அந்தி சாய்ந்ததும் பையன் தடுமாறுகிறான். வாசற்படி தெரியவில்லை. "மாலைக்கண்தான், முருங்கைக் கீரை கொடுத்தால் சரியாகிவிடும்" என்கிறார் பாட்டி.

வைட்டமின் 'ஏ' குறைவால் வந்த மாலைக்கண்ணுக்கு அது நல்ல யோசனையே. ஆனால், பரம்பரையாக வரும் ஒரு கொடிய நோய்க்கும் இதுவே முதல் அறிகுறி. 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்பது அதன் பெயர். உலகில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு அது உண்டு.

ஒரு மணி மாறினால்...

விழித்திரையில் சுமார் 12 கோடி கோல் அணுக்கள் உள்ளன. மங்கிய ஒளியில் பார்க்க உதவுபவை அவையே. அவற்றிலுள்ள 'ரொடாப்சின்' என்ற புரதம், 348 மணிகள் கோத்த மாலை போன்றது. இந்நோய் கண்ட சில குடும்பங்களில் 23-வது மணி மட்டும் மாறியிருப்பதை 1990-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவுதான்! புரதம் உருக்குலைகிறது, கோல் அணு மடிகிறது. பின்னர், பகல் பார்வைக்கான கூம்பு அணுக்களும், அப்புரதம் தம்மிடம் இல்லாதிருந்தும், மடிகின்றன.

இதுபோல் 80-க்கு மேற்பட்ட மரபணுக்கள் இந்நோய்க்குக் காரணமாகின்றன. "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே!" என்று சொல்லிப் பயனில்லை. நல்ல பார்வையுள்ள பெற்றோர் இருவரும் ஒரே பழுதை மறைவாகச் சுமந்திருக்கலாம்.

'ஆர்.பி.ஈ. 65' என்ற மரபணு பழுதானால் நிலைமை இன்னும் விசித்திரம். உடலில் வைட்டமின் 'ஏ' இருக்கும். அதைக் கண்ணுக்கு வேண்டிய உருவில் மாற்றித் தரும் புரதம் இராது. கூடைகூடையாகக் கீரை தின்றும் என்ன பயன்?

காலம் பொன்னானது

இந்தப் பழுதுக்கு மருந்து பிறந்திருக்கிறது. நல்ல மரபணுவை விழித்திரைக்கு அடியில் ஊசி வழியே செலுத்தும் இச்சிகிச்சையை அமெரிக்க அரசு 2017 டிசம்பரில் அனுமதித்தது. 2018-ல் அறிவித்த விலை, இரு கண்களுக்கும் 8,50,000 டாலர்! ஏழைக்கு எட்டாத இந்த விலை குறைந்தே ஆகவேண்டும்.

ஆனால், பணத்தாலும் வாங்க முடியாத ஒன்று உண்டு. விழித்திரையில் உயிருள்ள அணுக்கள் மிஞ்சியிருந்தால்தான் மருந்து வேலை செய்யும். செத்த அணுவை அது எழுப்பாது.

ஆகவே, கீரை கொடுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். குழந்தையைக் கண் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சந்தேகித்தால் மரபணுச் சோதனையும் செய்யுங்கள். அச்சோதனை ஏழைக்கும் எட்டும்படி செய்வது அரசின் கடமை. பிழை எந்த மரபணுவில் என்று தெரியாமல் இந்த மருந்தைத் தர முடியாது. பாட்டியின் கீரைக்காகக் காத்திருக்கலாம். மடியும் அணுக்கள் காத்திருக்கமாட்டா.