ஜன்னலை எடுத்தால் ரெவிட் மூடிடும்... சைட்டில்?

பழைய வீட்டைப் புதுப்பிக்க ரெவிட்டில் பிளான் போடுறவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். ஏற்கெனவே இருக்கும் ஜன்னலை 'டெமாலிஷ்' என்று குறித்தால் போதும், அந்த ஓட்டையை அடைக்க ஒரு சுவர்த்துண்டை மென்பொருளே உருவாக்கிவிடும். இதற்குப் பெயர் இன்ஃபில்.

வேலை மிச்சம். சிக்கலும் இங்கேதான். சுவர் முழுசா தெரிவதால், பலர் அந்தத் துண்டை கிளிக் செய்துகூட பார்ப்பதில்லை. 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னல், 20 செ.மீ. சுவர் என்றால் 0.288 கன மீட்டர். மாடுலர் செங்கல்லில் சுமார் 144 கல். பழைய சுவர் செங்கல், அடைப்பது ஏஏசி பிளாக் என்றால் கணக்கே வேற.

கல்லை விடுங்க, இணைப்புதான் முக்கியம். பழைய சுவரின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி, புதுக் கல்லைக் கோத்துக் கட்டணும். இல்லேன்னா பூச்சு காய்ந்த பிறகு ஜன்னல் இருந்த இடம் அப்படியே சதுரமா விரிசல் விட வாய்ப்பு அதிகம். கொத்தனாருக்கு இது தெரியும். ஆனா டிராயிங்கில் வெறும் சுவர்னு இருந்தா, அவர் ஏன் மெனக்கெடணும்?

இன்ஃபிலுக்குத் தனி சுவர் வகை கொடுத்து, இணைப்புக்கு ஒரு குறிப்பு எழுத சில நிமிஷம்தான் ஆகும். அதை 'ஜூனியர் பார்த்துப்பான்' என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனம்.

புது ஜன்னல் திறக்கும்போதும் இதே கதைதான். ரெவிட் சுவரை உடனே வெட்டிக் கொடுக்கும்; மேலே லின்டல் இருக்கான்னு கேட்காது.