தட்டில் இல்லாத காடு

டென்வர் நகரின் பக்ஹார்ன் எக்ஸ்சேஞ்ச் உணவகம் 1893இல் தொடங்கப்பட்டது. சுவரெங்கும் பாடம் செய்த விலங்குத் தலைகள். தட்டில் எல்க் மானும் பைசன் என்னும் காட்டெருமையும். உண்டு திரும்புவோர் ‘பழைய மேற்கின் காட்டுச் சுவை’ என்று சிலிர்த்து எழுதுகிறார்கள். எந்தக் காடு என்று கேட்கிறோம்.

கோடிக்கணக்கில் திரிந்த பைசன்களைத் தோலுக்காகவே கொன்று தீர்த்தது சந்தை. 1889இல் ஹார்னடே எடுத்த கணக்கில் எஞ்சியவை ஏறத்தாழ 1,100. அவ்வுணவகம் திறக்குமுன்பே பெருமந்தைகள் அழிந்துவிட்டன. வேட்டையாடிய இறைச்சியை விற்க அமெரிக்கச் சட்டங்கள் பொதுவாக இன்று இடந்தருவதில்லை. பரிமாறப்படுவது பண்ணை வேலிக்குள் வளர்ந்தது. அத்தடையை வரவேற்கிறோம். இறைச்சி உண்பதையும் பழிக்கவில்லை. பண்ணை விலங்கை உண்டுவிட்டு வேட்டைவீரம் பேசுவதையே மறுக்கிறோம். பழைய மேற்கு அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அதைக் கொன்றது எது என்று சொல்லாத கட்டுரை உணவைப் பற்றியும் உண்மை சொல்லவில்லை.