மனிதநேயம் ஒரு மதமா?

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனாலும் சரி, ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்க்கப் போனாலும் சரி, நீட்டப்படும் படிவத்தில் பெயர், வயது, விலாசம் இவற்றுக்கு அடுத்தபடியாக 'மதம்' என்று ஒரு கட்டம் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலோர் யோசிக்காமல் அதை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். சிலர் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறார்கள். கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ போகாதவர்கள் அவர்கள். மனிதனுக்கு மனிதன் உதவுவதே போதும் என்று நம்புகிறவர்கள். "மனிதநேயம் என்று எழுதலாமா?" என்று அவர்கள் கேட்டால், கவுண்டரில் இருக்கும் குமாஸ்தாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரிவதில்லை.

இது வெறும் பட்டிமன்றக் கேள்வியல்ல. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் தெரிவிக்காதோர் என்று சுமார் 28 லட்சத்து 70 ஆயிரம் பேர் பதிவாயினர். நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் சுமார் 33 ஆயிரம் பேர். வேடிக்கை என்னவென்றால், அந்த நாத்திகர்களும் 'பிற மதங்களும் கொள்கைகளும்' என்ற தலைப்பின் கீழேயே சேர்க்கப்பட்டார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, மனிதநேயத்தையும் ஒரு மதமாக ஏற்று அதற்கும் தனி இடம் தரவேண்டுமா என்பதை இப்போதே எண்ணிப் பார்ப்பது நல்லது.

மதம்தான் என்போர் வாதம்

மனிதநேயத்தை மதமாகக் கருதவேண்டும் என்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கடவுள் நம்பிக்கை இல்லாவிட்டால் மதம் இல்லை என்று சொல்லவே வழியில்லை. 1954-இல் சிரூர் மடம் வழக்கில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், கடவுளை ஏற்காத பௌத்தமும் சமணமும் இந்நாட்டின் மதங்களே என்பதைச் சுட்டிக்காட்டியது. சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தின்மேல் எழுந்த வழக்கு அது.

அமெரிக்காவில் 1933-இல் 34 பேர் கையெழுத்திட்டு வெளியிட்ட மனிதநேய அறிக்கை, தங்கள் கொள்கையை ஒரு புதிய மதமாகவே பேசியது. மேரிலாந்து மாநிலத்தில் ஒருவர் கடவுளை நம்புவதாக உறுதி கூற மறுத்ததால் அவருக்கு நோட்டரி பதவி மறுக்கப்பட்டது. 1961-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று, கடவுளைப் போதிக்காத மதங்களின் வரிசையில் பௌத்தத்தோடு மதச்சார்பற்ற மனிதநேயத்தையும் குறிப்பிட்டது. நார்வேயில் மனிதநேயர் சங்கத்துக்கும் சர்ச்சுகளைப் போலவே உறுப்பினர் எண்ணிக்கைப்படி அரசு மானியம் கிடைக்கிறது.

பலன் உண்டு என்றால் பெயரை ஏற்றுக்கொள்வதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இந்தியாவைப் பொறுத்தவரை நஷ்டம் உண்டு, அது சிறியதுமல்ல.

சட்டத்தில் இருக்கும் இடம்

இந்திய அரசியல் சட்டத்தில் மனிதநேயத்துக்கு ஏற்கனவே ஓர் இடம் இருக்கிறது. 1976-இல் செய்யப்பட்ட 42-ஆவது திருத்தம், குடிமக்களின் அடிப்படைக் கடமைகளை 51-ஏ பிரிவில் சேர்த்தது. விஞ்ஞான மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்தறியும் நோக்கையும் வளர்ப்பது அவற்றுள் ஒன்று. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் உரிய கடமை அது.

மனிதநேயம் ஒரு மதம் என்று ஆகிவிட்டால் இந்தக் கடமையின் கதி என்ன? முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் மத போதனை கூடாது என்கிறது 28-ஆவது பிரிவு. அரசாங்கப் பள்ளி வாத்தியார் ஒருவர், பசித்தவனுக்குச் சாதி கேட்காமல் சோறு போடு என்று வகுப்பில் சொன்னால், அதுவும் மத போதனைதான் என்று யாராவது நீதிமன்றப் படியேறலாம்.

இது கற்பனை பயமல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1987-இல் இதுவே நடந்தது. மனிதநேயம் என்னும் மதத்தைப் பரப்புகின்றன என்று கூறி, நாற்பதுக்கு மேற்பட்ட பாடப்புத்தகங்களுக்கு ஒரு நீதிபதி தடை விதித்தார். மேல்நீதிமன்றம் அதே ஆண்டில் அத்தடையை நீக்கிற்று. இருந்தாலும் கத்தி எந்தப் பக்கம் வெட்டும் என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது.

பாதிக்கப்படுவது யார்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. மும்பையில் வாழும் ஏழைத் தமிழர்கள் பலருக்கு இது நேரடியாகத் தட்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இந்து, சீக்கியம், பௌத்தம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினராகக் கருதப்படமாட்டார். தொடக்கத்தில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது, 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர் எனக்கு எந்த மதத்திலும் பற்றில்லை என்று சொன்னால், வேறு மதத்தைப் பின்பற்றுகிறார் என்று அவரைச் சொல்ல முடியாது. மனிதநேயம் சட்டப்படி ஒரு மதமாகி, அதுவே தம் மதம் என்று அவர் எழுதிக் கொடுத்தால் நிலைமை மாறிவிடும். சேரியில் பிறந்த கொடுமை அவரை விட்டு நீங்காது. அதற்கு ஈடாகக் கிடைக்கும் சலுகைக்கு மட்டும் ஆபத்து வந்துவிடும். சமத்துவத்தை நம்பியவனுக்கே இந்தத் தண்டனை என்றால் அது என்ன நியாயம்?

கல்யாணக் கேள்வி

சடங்கு இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ளவாவது தனி மதம் வேண்டாமா என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது.

1872-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் செய்துகொள்ள விரும்பியவர்கள், இந்து மதம் என்னுடையதல்ல, கிறிஸ்தவம் என்னுடையதல்ல என்று வரிசையாக மறுத்து எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டது. இன்று மாவட்டத் திருமண அதிகாரியிடம் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து, எம்மதத்தவரும் மதமற்றவரும் மணந்துகொள்ளலாம். மணமக்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருந்தால் போதும்.

தமிழர்களுக்குச் சுயமரியாதைத் திருமணம் பழக்கமானது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ, புரோகிதர் இல்லாவிட்டாலும் அது செல்லும். ஆனால் அது தமிழ்நாட்டுத் திருத்தம். ஊரில் நடந்த கல்யாணம் எங்கும் செல்லும். அதே முறையில் தாராவியிலோ செம்பூரிலோ நடத்தினால், 7-ஏ பிரிவின் பாதுகாப்பு மகாராஷ்டிரத்தில் கிடையாது. இந்தக் குறையைத் தீர்க்க மற்ற மாநிலங்களும் அப்படியொரு திருத்தம் கொண்டுவந்தால் போதும். அதற்காகப் புது மதம் ஒன்றைப் பதிவு செய்யத் தேவையில்லை.

பம்பாய்த் தீர்ப்பு

படிவத்தில் உள்ள கட்டத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. தங்களுக்கு மதம் இல்லை என்று அரசிதழில் வெளியிடக் கோரிய மூவரின் விண்ணப்பம் மறுக்கப்பட்டதால் எழுந்த வழக்கில், 2014 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனச்சாட்சிச் சுதந்திரம் தரும் 25-ஆவது பிரிவிலேயே, எந்த மதமும் எனக்கில்லை என்று சொல்லும் உரிமையும் அடங்கியிருக்கிறது. மதத்தைத் தெரிவிக்கும்படி எந்த அரசு அதிகாரியும் ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதிகள் கூறினர். 2019-இல் திருப்பத்தூரில் ஒரு பெண் வழக்கறிஞர், சாதியும் மதமும் அற்றவர் என்று தாசில்தாரிடமிருந்தே சான்றிதழ் பெற்றார்.

ஆக, மதம் என்ற பெயர் இல்லாமலேயே உரிமை உண்டு. தீர்ப்பு கவுண்டர் வரைக்கும் வந்து சேராததுதான் குறை. எல்லா அரசுப் படிவங்களிலும் 'மதம் இல்லை' என்றும் 'தெரிவிக்க விருப்பமில்லை' என்றும் இரண்டு கட்டங்கள் அச்சிடப்பட்டால், தயங்கி நிற்பவர் தயங்க வேண்டியதில்லை. குமாஸ்தாவும் விழிக்க வேண்டியதில்லை.

துணைக்கு யார்?

கடைசியாக ஒன்று. மதம் என்பது வெறும் நம்பிக்கை மட்டுமல்ல. பிழைக்க வந்த ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் தோள் கொடுக்க நாலு பேரைத் திரட்டுவதும் அதுதான், மனிதநேயருக்கு அந்தத் துணை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையான கேள்வி இது. ஆனால் அதற்கு வேண்டியது நல்ல சங்கம். மாதம் பத்து ரூபாய் சேர்த்து, ஈமச் செலவுக்கும் ஊருக்கு ரயில் செலவுக்கும் உதவும் சங்கத்தை, எந்த மதத்தவரும் சேர்ந்து நடத்தலாம்.

மும்பை இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மதத்தின் பெயரால் இந்நகரம் எரிந்தது. அதன் பிறகு அமைந்த மொஹல்லா கமிட்டிகளில் எல்லா மதத்தவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, இடுப்பளவு தண்ணீரில் நடந்துவந்த முகமறியாதவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தவர்கள் மதம் கேட்கவில்லை. கொடுத்தவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள்.

மனிதநேயம் எல்லோரும் உட்காரும் கூடம். அதையும் மதமாக்கினால் பந்தியில் இன்னொரு இலை விழும். கூடம் இல்லாமற் போகும். மதமற்றவருக்கு மதமற்றவர் என்ற பெயரிலேயே முழு மரியாதை கிடைக்கட்டும். மனிதநேயம் எல்லா மதத்தவருக்கும் பொதுச் சொத்தாகவே இருக்கட்டும்.